விரியில் ஒரு வில்லங்கம்

எங்கள் நகரின் தொழிற்பேட்டைப் பகுதியான விரியில் விலைக்கு வந்த பழைய பட்டறையில் என் மனைவி சமையல் தொழில் தொடங்க இருந்தாள். அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் சோக்குக் கட்டியால் தரையில் கோடு போட்டுவிட்டோம். த்ரீ கிங்ஸ் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டை ஈடு வைத்துத்தான் மோட்கேஜ். கையெழுத்துக்கு ஒரு வார இறுதியே மிச்சம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை வெட்டிய புல்லையே மறுநாளும் வெட்டினேன். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மதுரைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சார், இடம் வாங்குறீங்களாமே. வில்லங்கம் பாத்தீங்களா?"

"ஒரு வில்லங்கமும் இல்லை. விக்கிறவர் நல்ல மனிசன். தேத்தண்ணியும் தந்தவர்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் அவர் குணத்தையா கேட்டேன்? நிலத்து மேல கடன், வழக்கு ஏதாச்சும் பதிவாயிருக்கான்னு கேட்டேன். எங்க ஊர்ல அதுக்குப் பேருதான் வில்லங்கம்."

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வெறும் கரைச்சல், தொந்தரவு என்றுதான் பொருள்.

திங்கட்கிழமை காலை கையெழுத்தைத் தள்ளிவைத்துவிட்டு வழக்கறிஞரிடம் போய் நிலப் பதிவைப் பார்க்கச் சொன்னேன். மாலையில் அழைத்தார். முன்பு அங்கே உலோகங்களுக்கு முலாம் பூசியிருக்கிறார்கள். கசிந்த அமிலப் பீப்பாய்களை நகரசபை அகற்றி, அந்தச் செலவை நிலத்தின் மேல் கடனாகப் பதிந்திருக்கிறது. நிலம் கைமாறினாலும் அந்தக் கடன் நிலத்தோடேயே போகும். கொங்கிரீட்டுக்குக் கீழே உள்ள மண்ணை இன்னும் ஒருவரும் தோண்டிப் பார்க்கவில்லை.

"அப்ப ஆரோ ஊத்தினதுக்கு எங்கட வீடு போறதோ?" என்றாள் மனைவி.

"ஓம். போகலாம்."

"நீங்கள் மனிசனைப் பாத்தனீங்கள். மண்ணைப் பாக்கேல்லை."

கடனைத் தீர்த்துத் தருவதாக எழுதித் தரும்படி வழக்கறிஞர் கேட்டார். விற்பவர் மறுத்தார். விலகிக்கொண்டோம். வீடு தப்பியது, ஆனாலும் நிம்மதி வரவில்லை. சமைக்க வேறு இடம் தேடி மனைவியும் நானும் மனுகாவ் புறநகர் வரை அலைந்தோம்.

பட்டறையில் விட்டுவந்த அளவு நாடாவை எடுக்க ஒரு சனிக்கிழமை போனோம். காரை நிறுத்தும்போதே பட்டறைக் கதவு திறந்து கிடப்பது தெரிந்தது. நாங்கள் போட்ட கோடுகளுக்கு நடுவே வேறொரு இளம் தம்பதி நின்றார்கள். அந்தப் பெண் கையை விரித்து எதையோ அளந்துகொண்டிருந்தாள். விற்பவர் தேநீர்க் கோப்பைகளோடு அவர்களிடம் வந்தார்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி, கார் கண்ணாடியை இறக்கியபடி. "நாடா கிடக்கட்டும். முதல்ல அதுகளிட்டை வில்லங்கம் பாத்தவையோ எண்டு கேளுங்கோ."

கார்க் கதவைச் சாத்தாமலே இறங்கி நடந்தேன்.