அடைத்த துளைகள் பதினொன்று

அன்று காலையிலிருந்து நான் சுவருக்கு நூல் பிடித்தது அது நான்காவது முறை.

மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியில், ஒரு சாலை வளைவுக்குக் கீழே மண் சரியாமலிருக்க நாங்கள் கட்டிய கருங்கல் தாங்கு சுவர் அது. டிப்ளமா சிவில் முடித்து, சைட் சூப்பர்வைசராக நான் தனியாகப் பார்த்த முதல் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சுவர் முடிந்ததும் அப்பாவை அழைத்துவந்து காட்டினேன்.

பிறகு மூன்று நாள் மழை. இரண்டு முனைகளிலும் கட்டிய நூல் கல்லைத் தொட்டும் தொடாமலும் நேராக நிற்க வேண்டும். நடுவில் சுவர் அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. காலையில் ஒரு விரல் அளவு, மதியம் இரண்டு விரல். பத்தடி கீழே செல்லம்மா அக்காவின் சமையல்கட்டு.

காரணம் எனக்குத் தெரியும். அதனால்தான் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

பின்னால் மண்ணில் இறங்கும் தண்ணீர் வெளியேற, தாங்கு சுவரில் குழாய் வைத்து வீப் ஹோல் விடுவோம். பதினொன்று விட்டிருந்தோம். கல் இடுக்குகளுக்கு சிமெண்ட் பூசிய அன்று செல்லம்மா அக்கா வந்தார்.

"ஏனுங்க, இந்தப் பொந்துல பாம்பு குடியிருந்துக்குமே. எங்கூட்டுல கைக்குழந்தை இருக்குதுங்க."

மேஸ்திரி மாணிக்கம் என்னைப் பார்த்தார். அவ்வளவு அழகான முகப்பில் அந்தத் துளைகள் எனக்கும் உறுத்தின. "அடைச்சிருங்க" என்றேன்.

"படிச்சவங்க சொன்னா சரிதானுங்க" என்று சிரித்தார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது கான்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். "சுவர் முடிஞ்ச போட்டோ எல்லாம் ஆபீஸுக்குப் போயாச்சு. மழை விட்டா சரியாயிரும். கை வெச்சீன்னா தப்பு உன்னுதுன்னு ஆயிரும் பாரு" என்றார்.

"என்னுதுதானுங்க" என்று வைத்துவிட்டேன்.

செல்லம்மா அக்காவைக் குழந்தையோடு பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவர் அசையவில்லை. "நீதான கண்ணு, கெட்டியான சுவருன்னு சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேங்கக்கா. கெளம்புங்க."

அவர் போனதும் மாணிக்கத்திடம், ஓரத்திலிருந்து துளைகளைத் திறந்துகொண்டு வருவோம், உப்பிய நடுப்பகுதி கடைசியில் என்றேன்.

"அடைக்கறதுக்கும் நானு, தொறக்கறதுக்கும் நானுங்களா?"

"சுத்தியலைக் குடுங்க, நான் அடிக்கிறேன்."

"வேண்டாஞ்சாமி. இருக்கற கல்லும் கோவிச்சுக்கும்" என்று கம்பியை மட்டும் என்னிடம் கொடுத்தார். நான் பிடித்துக்கொள்ள, அவர் அடித்தார். முதல் துளையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் அடைப்பு உடைந்ததும் செம்மண் தண்ணீர் இருவர் முகத்திலும் பீய்ச்சியது. பதினொன்றையும் திறந்தோம். மாலை வரை தண்ணீர் ஓடியது. நூல் அதற்கு மேல் நகரவில்லை.

மழை விட்டதும் நடுப்பகுதியைப் பிரித்துக் கட்டினோம். கான்ட்ராக்டர் அடுத்த சைட்டை வேறொருவருக்குக் கொடுத்தார். பாம்பு நுழையாதபடி ஒவ்வொரு குழாயின் வாயிலும் கம்பி வலை வைத்தோம். அன்று அடைக்கச் சொல்லாமல் நான் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இன்றும் நான் கட்டிய எந்தச் சுவரையும் முகப்பைப் பார்த்து நம்புவதில்லை. முதல் மழையில் குடையோடு கீழே போய்த் துளைகளை எண்ணுகிறேன். கடைசித் துளையும் சொட்டிய பிறகே வீட்டுக்குப் போகிறேன்.