துர்கா வீட்டு நீச்சல் தொட்டி

துர்காவை நான் புகழ்கிறேன் என்றால் எங்கள் தெருவே சிரிக்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் அவளைக் கிண்டல் பண்ணாத நாளில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பெண்ணாடத்தில் பிறந்து விருத்தாசலத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். பீங்கான் பொம்மை செய்யும் யூனிட்டில் வேலை. சூளையிலிருந்து வரும் பொம்மைகளில் விரிசல் பார்த்துக் கழிப்பது அவள் பொறுப்பு. அதனாலோ என்னவோ, எதைக் கண்டாலும் இது எங்கே உடையும் என்றுதான் முதலில் யோசிப்பாள். புருஷன் பிரவீன்குமார் நேர் எதிர். கோடையில் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, இரும்புக் குழாய்ச் சட்டமும் நீலத் தார்ப்பாயுமாக ஒரு நீச்சல் தொட்டியை வரவழைத்து வாசலோரம் நிறுத்திவிட்டான். என் இடுப்புயரம் இருக்கும். மகள் கயல்விழிக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை.

"வேணாங்க, சின்னப் புள்ள இருக்குற வூடு" என்று துர்கா எவ்வளவோ சண்டை போட்டாள். பிள்ளை தண்ணீரைக் கண்டு குதித்த குதியில் அவளும் இளகிவிட்டாள். "சரி, இருக்கட்டும். ஆனா நான் சொல்றபடிதான்" என்றாள்.

அந்தத் தொட்டிக்கு அவள் செய்த பணிவிடையை மாமியாருக்குச் செய்திருந்தால் அந்த அம்மாள் கோயிலே கட்டியிருப்பாள். எங்கள் ஊர்க் காற்றில் வேப்பிலையும் வரும், யூனிட்டுகளின் வெள்ளைத் தூசியும் வரும். வேலைக்குப் போகுமுன் பழைய கொசுவலையைக் கம்பில் கட்டி எல்லாவற்றையும் அரித்தெடுப்பாள். ஃபில்டரைக் கழற்றி அலசுவாள். சாயங்காலம் பிள்ளைகள் வெளியே வந்தபிறகு குளோரினை வாளித் தண்ணீரில் கரைத்துச் சுற்றி ஊற்றுவாள். ஊற்றிவிட்டால் மறுநாள்வரை யாருக்கும் அனுமதி இல்லை. டப்பா எட்டாத பரணில் இருக்கும். மோட்டார் பிளக்கைப் பிடுங்காமல் ஒரு குழந்தையையும் உள்ளே இறக்கமாட்டாள். ஆனால் தெருப்பிள்ளைகள் யார் வந்து நின்றாலும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த மனசு எனக்கு வராது.

காவல் இன்னும் கடுமை. குளித்து முடித்ததும் ஏணியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவாள். தொட்டியோரம் வாளி, சைக்கிள், பூந்தொட்டி எதுவும் இருக்கக் கூடாது, பிள்ளை ஏறிவிடும் என்பாள். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். செல்போன் அடித்தாலும் தொடமாட்டாள்.

"வீராணம் ஏரிக்குக்கூட இவ்ளோ காவல் கெடையாதுடி" என்று மதிலுக்கு மேலே எட்டிச் சொல்வேன்.

"வீராணம் எம் வாசல்ல இல்லீங்கக்கா" என்பாள் சிரித்துக்கொண்டே.

கயலுக்குக் காது குத்தினார்கள். காலையில் கொளஞ்சியப்பர் கோயிலில் தாய்மாமன் கார்முகில் மடியில் உட்காரவைத்துக் குத்தி, மதியம் வீட்டில் விருந்து. உட்கார நாற்காலி பத்தவில்லை. எங்கள் ஊரில் எது பத்தாவிட்டாலும் பழைய பிளாஸ்டர் அச்சுதான் கைகொடுக்கும். பொம்மை வார்த்து வார்த்துத் தேய்ந்த அச்சுகள் வீட்டுக்கு வீடு கிடக்கும். படியாகும், துவைக்கிற கல்லுக்கு முட்டாகும். யாரும் யோசிக்கவே மாட்டோம். கார்முகிலும் கொல்லையிலிருந்து அச்சுகளைத் தூக்கிவந்து, தொட்டியை ஒட்டி மர நிழலில் அடுக்கிப் பெரியவர்களை உட்காரவைத்தான். அவர்கள் பந்திக்கு எழுந்து போனார்கள். அச்சு அங்கேயே இருந்தது. அடுப்படியில் இருந்த துர்காவுக்கு இது தெரியாது.

பந்தியில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, "கயல் எங்க?" என்றாள்.

"ஒந் தம்பிகிட்ட இருக்குது" என்றான் பிரவீன்குமார்.

"இல்லியே, மாமாகிட்ட இருக்குதுன்னுல்ல நெனச்சேன்" என்றான் கார்முகில்.

வீடு நிறைய ஜனம். அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று ஆளுக்கு ஆள் இருந்துவிட்டோம். சிலர் கட்டிலுக்கடியில் குனிந்தார்கள், சிலர் தெருவுக்கு ஓடினார்கள். துர்கா எங்கேயும் தேடவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு நேராகத் தண்ணீருக்கு ஓடினாள்.

நானும் பின்னாலேயே ஓடினேன். பட்டுப்பாவாடையோடு கயல் அந்த அச்சுகளின் மேல் ஏறி, விளிம்பில் வயிறு பதியக் குனிந்து, தண்ணீரில் மிதந்த பலூனை எட்டிக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் மேலே எழும்பிய நேரம் துர்கா இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டாள். ஒரு சத்தம் இல்லை. தண்ணீர் அலுங்கக்கூட இல்லை.

பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு துர்கா கேவிக் கேவி அழுதாள். ஓடிவந்த கார்முகில், "அதான் ஒண்ணும் ஆவலியேக்கா, ஏன் அழுவுற?" என்றான்.

"ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதானடா தெனமும் கெடந்து சாவுறேன்!"

அப்போதுதான் அவன் கீழே பார்த்தான். அவன் அடுக்கிய அச்சு. மேல் அச்சின் வெள்ளைத் தூசியில் சின்னக் காலடி. அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். தேற்றப் போனவர்களை நான் தடுத்தேன். "அழட்டும் வுடுங்க" என்றேன். பிள்ளை உயிரோடு இருக்கும்போதே அழுதுவிடுவது நல்லது.