கங்காணி வேஷத்துக்கு ஆள் இல்லை

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவள் மரியநாயகி. கோயிலில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். 1974இல் அந்தோனியார் திருநாளுக்கு நாடகம் போடலாம் என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். அன்றோடு அவள் நிம்மதி போயிற்று.

இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்துவந்த பாட்டன் பூட்டன் கதை அது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் கேட்டுச் சேர்த்திருந்தாள். அந்த வருஷங்களில், இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி தோட்டத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. போகிறவர்கள், வந்த கதையையாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

ஆசைகாட்டி ஆட்களைக் கூட்டிவரும் கங்காணியாக முதலில் நடித்தவன் அழகுமுத்து. வசனம் வாயில் நிற்கத் தொடங்கிய நேரத்தில் அவனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, போய்விட்டான். அடுத்து லோரன்ஸைப் பிடித்துப் பழக்கினாள். திருநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில் அவனும் பாஸ்போர்ட்டோடு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"திருநாள் முடிஞ்சு போனா கப்பல் முழுகிருமா?" என்று கேட்டாள்.

"தேதிய நானா வச்சேன் அக்கா?"

அதற்குப் பிறகு, கங்காணி வேஷம் கட்டுகிறவனுக்குப் பாஸ்போர்ட் வந்துவிடும் என்ற பேச்சு லயமெல்லாம் பரவிவிட்டது. இங்கேயே இருக்க நினைத்தவர்கள் அவளைக் கண்டால் வேறு பாதையில் போனார்கள். இந்தியா போக நான்கு வருஷமாகக் கடிதத்துக்குக் காத்திருந்த சூசைரட்ணம் மட்டும் தினமும் வாசலில் வந்து நின்றார்.

"எனக்குக் குடு புள்ள."

"உங்களுக்கு நடிக்க வராதுங்க மாமா."

"நடிக்கவா கேக்குறேன்? போகணும்."

அவரைக் காட்டில் காய்ச்சலோடு விழுகிறவராகப் போட்டாள். விழவும் அவருக்கு வரவில்லை. முதலில் கையை ஊன்றி, இடம் பார்த்து உட்கார்ந்து, பிறகு படுத்தார்.

ஒத்திகை நேரத்தில் கீழே உள்ள சிங்களக் கிராமத்திலிருந்து மரக்கறி விற்க வரும் குணதாச, கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கோயில் கதவருகே நின்று பார்ப்பான். ஒருநாள் அவனே கேட்டான்.

"என்னப் போட்டா எங்க அனுப்புவாங்க? நம்ம கிராமத்துக்குத்தானே."

மரியநாயகி யோசித்தாள். "ஏமாத்திக் கூட்டியாந்தது எங்க ஆளுதான். சிங்களவன் செஞ்சதா ஆயிறக் கூடாது. தமிழ்லதான் பேசணும்."

"பேசுறது."

உண்மையிலேயே படித்தான். மரக்கறி விலையோடு வசனத்தையும் சொல்லிக்கொண்டு லயம் லயமாக நடந்தான்.

திருநாளன்று கூட்டத்தைக் கண்டதும் அவனுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. கம்பை ஓங்கி, "யமு, யமு, இக்மனட்ட" என்று சிங்களத்திலேயே அவசரப்படுத்தினான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அடுத்தது, இறந்த பிள்ளையைப் பாதையோரம் போட்டுவிட்டுத் தாய் நடக்கும் காட்சி. தாயாக நடித்த பூரணிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்க நடந்தாள். பின்வரிசையில் இருந்தவர்கள் அவள் அழுவதாக நினைத்து அழுதார்கள். மரியநாயகிக்குக் கோயில் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நாடகம் முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். குணதாசவின் மனைவி சோமாவதி கிட்டே வந்து சிங்களத்தில் கேட்டாள்.

"அந்த நடை நிஜமா அக்கா?"

"எங்க தாத்தா நடந்தாரு," என்று மரியநாயகியும் சிங்களத்திலேயே சொன்னாள்.

சோமாவதி தன் ஊர்க் கதையைச் சொன்னாள். அவள் பிறந்த ஊர் தம்புள்ளைப் பக்கம், அவர்கள் நடந்துவந்த அந்தப் பாதையோரம். ஆட்கள் கூட்டமாக வந்தால் காய்ச்சல் தொற்றும் என்று பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்களாம். தண்ணீரை மட்டும் மண் முட்டியில் ஊற்றி வெளியே வைத்துவிடுவார்களாம். அவளுடைய பெரியம்மா சொன்னது.

மரியநாயகி பாயைக் கீழே போட்டாள்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? எல்லாம் முடிஞ்ச பிறகா சொல்றது?"

அடுத்த வருஷ நாடகத்தில் ஒரு கதவும் ஒரு முட்டித் தண்ணீரும் சேர்ந்தன. கதவைச் சாத்துகிறவளாக சோமாவதியே வந்தாள். ஒரு வசனமும் கிடையாது. இருந்தும், ஒரு ஒத்திகைக்குக்கூட அவள் நேரத்துக்கு வரவில்லை.