ராட்டினத்தின் உச்சியில் போட்ட சத்தம்

நான் ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வெளியாட்களிடம் பேச மிகவும் கூச்சப்படுவேன்.

போன விடுமுறையில் மனைவி வர முடியாததால், எட்டு வயது மகளையும் ஐந்து வயது மகனையும் நான் மட்டும் தீம் பார்க்குக்கு அழைத்துப் போனேன். பெரிய ராட்டினத்தில் ஏற மகனுக்கு உயரம் போதவில்லை. மகளைத் தனியாக ஏற்ற மறுத்துவிட்டார்கள். பக்கத்து பெஞ்சில் ஒரு குடும்பம் இருந்தது. பையனைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"ஏலே, இங்கனயே ஒக்காந்திரு" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

கீழே ஆள் ஏற்றுவதற்காக ராட்டினம் நின்றபோது நாங்கள் உச்சியில் இருந்தோம்.

"அப்பா, தம்பி தண்ணிக்குப் போறான்" என்றாள் மகள். அலை அடிக்கும் குளத்தை நோக்கி அவன் ஓடிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பாட்டுச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. உடனே, தோட்டத்தில் கிளி விரட்டுவதுபோல அடிவயிற்றிலிருந்து, "ஓஓஓ... ஹோய்" என்று கத்தினேன். அங்கே நான் கத்தினால் அவனும் பதிலுக்குக் கத்துவான். இங்கேயும் குளத்தின் விளிம்பில் நின்று, நிமிர்ந்து பார்த்து, "ஹோய்" என்றான். அதற்குள் பக்கத்து பெஞ்சுப் பெண் ஓடிப்போய் அவனைப் பிடித்துவிட்டார்.

இறங்கியதும் அவர், "இம்புட்டுச் சத்தம் போடத் தெரியுது, ஏறும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையாண்ணே?" என்றார்.

மகளோ, "எல்லாரும் ஒன்னையத்தான் பாத்தாகப்பா" என்று பெருமையாகச் சொன்னாள். மறைப்பானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது பிள்ளைகளோடு எங்கே போனாலும் பக்கத்தில் இருப்பவர்களிடம் நானே முதலில் பேசிவிடுகிறேன். முன்பின் பழகாத உங்களுக்கு இதை எழுதும் தைரியமும் அப்படி வந்ததுதான்.