கும்பிட்ட பிறகுதான் கச்சான் அல்வா

காலை 7.10. மயிலிட்டியில் பஸ் ஏறினேன். மல்லாகம் சந்தி ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல், எண்பது ரூபாய். அங்கிருந்து அளவெட்டிக்கு ஓட்டோ. இரண்டு கட்டை, நானூறு.

அங்கே ஒரு கோயிலில் தேர். நான் போனது கச்சான் அல்வாவுக்கு. வறுத்த நிலக்கடலையைப் பாகில் கிளறி, தட்டிப் பரப்பி, விரல் நீளத்துக்கு வெட்டிய துண்டு. எங்கள் மீன்பிடி போட்டில் வலை இழுத்து முடியும்வரை சோறு தொடமாட்டோம். அதுவரை ஆளுக்கு ஒரு துண்டு. அதுவும் தவமணி அக்கா காய்ச்சியதுதான். அவர் திருவிழாக்களில் மட்டும் கடை போடுபவர். வேறு வருமானம் இல்லை.

"மீனை விட்டிட்டு அல்வாவுக்கோ வந்தனியள் அண்ணை?" என்றான் ஓட்டோக்காரன்.

"ஓம்."

"கம்பனி வான் ஒண்டு நிக்குது. அல்வா சும்மா குடுக்கிறாங்கள்."

"சும்மா வேண்டாம்."

8.20. கோயிலால் வெளியே வரும் வழியில் ஒரு மருதமரம். அக்காவின் இடம் அது. அங்கே மஞ்சள் வான் நின்றது. ஒரு பிள்ளை ஒரு பைக்கற்றை நீட்டினாள். மேலே பனைமரமும் கடகத்தோடு ஒரு பெண்ணும் படமாக. கீழே 'யாழ்ப்பாணப் பாரம்பரியம்'. கடித்தேன். பல்லில் ஒட்டியது. வனிலா மணம். படத்தில் பெண்ணை வைத்துவிட்டு, பெண்ணை எங்கே தள்ளினார்கள்?

தேடிப் பிடித்தேன். உள்ளே போகும் வழியில், மோட்டார்சைக்கிள்களுக்குப் பின்னால் இருந்தார். தட்டம் நிரம்பியபடி.

"ஒண்டும் போகேல்லையோ அக்கா?"

"எப்பிடித் தம்பி போகும்? கும்பிடாமல் ஆர் கச்சான் வாங்கிறது?"

எங்கள் வழக்கம் அது. கும்பிட்டு, திருநீறு பூசி, வெளியே வரும்போதுதான் வாங்குவோம். இந்த முறை கயிறு கட்டி, போகிற வழி வேறு, வருகிற வழி வேறு ஆக்கிவிட்டார்கள்.

"சண்டைக்குள்ளை சீனி வரேல்லை," என்றார் அக்கா. "அப்பா பனங்கட்டியிலை காய்ச்சினவர். பிறகு சீனி வந்தது. சனம் பனங்கட்டியை விடேல்லை. அப்பவும் அந்த மரத்தடியிலைதான் வித்தனாங்கள்."

9.30. திருவிழாக் குழுவில் ஒருவர் வெள்ளை வேட்டியோடு நின்றார். அக்காவை ஏன் இடம் மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"உவவுக்கும் இடம் குடுத்தனாங்கள்தானே. உந்த வழியாலையும் சனம் போகுது."

"போகுது. வாங்காது."

"கம்பனிதான் பந்தல் போட்டுத் தந்தது. நீர் எந்த ஊர்?"

"மயிலிட்டி."

"அப்ப உமக்கென்ன?"

எனக்கென்னவாம். எங்கள் கரை இராணுவ முகாமுக்குள் கிடந்த காலத்தில் எங்களுக்கும் வேறு கரை காட்டினார்கள். அதுவும் கடல்தானே என்றார்கள். முழுக்கக் கல். போட் ஏற்ற முடியாது. காட்டியவனுக்குத் தொழில் தெரியாது. இவர் கோயில் நடத்துகிறார். சனம் எப்போது கச்சான் வாங்கும் என்று இவருக்குமா தெரியாது?

10.15. மேசையின் ஒரு பக்கத்தை நான் தூக்கினேன். மற்றப் பக்கம் அக்கா. வானுக்கு முன்னால் வைத்தோம். வேட்டிக்காரர் ஓடிவந்தார்.

"உந்த மேசையைத் தூக்கும்!"

"நீங்கள் தூக்குங்கோ பாப்பம்," என்றேன்.

அதற்குள் தேர் சுற்றிவந்து இருப்பிடத்தில் நின்றுவிட்டது. சனம் வெளியே வந்தது.

"எங்கையடி தவமணி ஒளிச்சனி? மூண்டு தரம் சுத்திப்போட்டன்!" என்று ஒரு மனுசி கத்தினாள். சனம் மேசையைச் சூழ்ந்தது. வேட்டிக்காரருக்கு மேசை காலே தெரியவில்லை. போய்விட்டார்.

பகல் 1.00. தட்டம் வெறுமை. எங்கள் போட்டுக்கு அக்கா இருபது துண்டு எடுத்து வைத்திருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நாளைக்குத் தீர்த்தத் திருவிழா, தம்பி. விடியவே மரத்தடியைக் கயிறு கட்டி அடைச்சுப்போடுவினம்."

"எத்தினை மணிக்கு?"

"அஞ்சுக்கு."

3.40. மயிலிட்டி. கரையில் எங்கள் ஆட்களுக்குத் துண்டுகளைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். மென்றுகொண்டே கேட்டார்கள். எங்கள் கரையில் இப்போது நாங்கள் நிற்கிறோம். ஒருவரும் தூக்கித் தரவில்லை. கேட்டுக் கேட்டு வந்தது. அவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவை இருக்கவில்லை.

"நாளைக்குத் தொழில் இல்லை," என்றார் சம்மாட்டி. போட் அவருடையது.

அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று வாடகைக்குப் பேசியிருக்கிறோம். ஆறு பேர். விடிய நாலு மணிக்கு, கயிறு வர முன்னம், மருதமரத்தடியில் நிற்போம்.