நான் குடித்த மருந்து, லாம் சாப்பிட்ட மருந்து

பனிக்காலத்தில் எனக்கு வியர்க்கத் தொடங்கியது. அதுதான் முதல் அறிகுறி. காலையில் எழும்பும்போது தலையணை உறை நனைந்திருக்கும். நிலக்கீழ் அறையில் ஹீற்றர் கூடிவிட்டது என்று என் கணவர் அதைக் குறைத்துவைத்தார். பிள்ளைக்குக் குளிர்ந்தது. எனக்கு வியர்வை நிற்கவில்லை.

பிறகு இருமல் வந்தது. நான் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மெஷின்களின் இரைச்சலில் ஒருவர் இருமுவது மற்றவருக்குக் கேட்காது. மூன்று மாதங்கள் அந்த இரைச்சலுக்குள் ஒளித்து இருமினேன். ஒருநாள் தொழிற்சாலைக் கழிப்பறையில் கை கழுவும் தொட்டியில் துப்பியபோது இரத்தம் வந்தது. முதலில் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். அதன்பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

இந்த நோய் வந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்த ஒழுங்கு விளங்கும். முதலில் மறைப்போம். பிறகு பயப்படுவோம்.

காசநோயை ஊரில் கசம் என்பார்கள். சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். மொன்றியலில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, வலது நுரையீரலின் மேற்பக்கத்தில் இருந்த வெள்ளைப் படலத்தைக் காட்டினார். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. அது எனக்கு அந்தரமாக இருந்தது. கதவு திறந்திருந்தது.

அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாத காலம். நோயைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கணவர் கேட்டார். வைத்தியம் முடிந்தால் பிரச்சினை இல்லை என்றார் மருத்துவர். அன்றைக்கே என்னை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தார்கள். சளியில் கிருமி இல்லை என்று தெரியும்வரை தனிமை.

முதல் ஞாயிற்றுக்கிழமை கணவர் முகமூடி கட்டிக்கொண்டு வந்தார்.

"ஆக்கள் கேட்டால் என்ன சொல்லுறனீங்கள்?" என்று கேட்டேன்.

"ரொறொன்ரோவுக்குப் போட்டீர் எண்டு சொல்லியிருக்கிறன். உம்மட சித்தியின்ர மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்காம்."

"அவளுக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லையே."

"அது இஞ்ச ஆருக்குத் தெரியும்?" என்றார். முகமூடியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "வேற என்னத்தைச் சொல்ல?" என்றார்.

அவர் சொன்ன பொய் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுவே இன்னொரு வெட்கம்.

இந்த நோய்க்காரருக்கென்று ஒதுக்கிய அந்த அறையில் இரண்டு கட்டில்கள். மற்றக் கட்டிலில் லாம் என்ற சீனப் பெண். ஐம்பது வயதிருக்கும். ஹொங்கொங்கிலிருந்து வந்தவர். ஒருமுறை குணமாகி மறுபடி நோய் வந்ததால், எனக்குப் பல மாதங்களுக்கு முன்பே அங்கே இருந்தார். சிறுநீரகமும் பலவீனம் என்று பிறகு அறிந்தேன். அவருக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எனக்கு ஆங்கிலம் கொஞ்சம். பிரெஞ்சில் பொன்ஜூர், மெர்சி.

மருந்து காலையில் சிறிய காகிதக் கிண்ணத்தில் வரும். விழுங்கும்வரை தாதி பக்கத்தில் நிற்பார். அதில் ரிஃபாம்பிசின் (கிருமியைக் கொல்லும் முக்கிய மருந்து) சிவந்த குளிகை. அது உடம்பில் இருக்கும்வரை சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் செம்மஞ்சளாக வரும். ஆபத்தில்லை. ஆனால் அதைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் தடவை கழிப்பறையில் அந்த நிறத்தைக் கண்டு, நான் உள்ளுக்குள்ளேயே அழுகிப்போனேன் என்று நினைத்தேன். உங்களுக்கு அப்படி வந்தால் பயப்படவேண்டாம்.

நான் மாத்திரைகளை விழுங்கித் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்ததும் லாம் கேட்பார்: "சிக் ஜோ யோக் மே ஆ?"

முதல் நாட்களில் சிரித்துத் தலையாட்டினேன். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு வந்தபோது "சிக் ஃபான்" என்று சோற்றைக் காட்டினார். மாத்திரையைக் காட்டி "சிக் யோக்" என்றார். அப்போது பிடிபட்டது. சிக் என்றால் சாப்பிடு. அவர்கள் மருந்தைச் சாப்பிடுகிறார்கள். நாங்கள் குளிகையாக இருந்தாலும் மருந்தைக் குடிக்கிறோம். "மருந்து குடிச்சாச்சோ?" என்று என் அம்மா கேட்பதைத்தான் லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் கேட்டபோது "சிக் ஜோ" என்றேன். சாப்பிட்டாச்சு. என் உச்சரிப்பைக் கேட்டு லாம் சிரித்துச் சிரித்து இருமினார். அதற்குப் பிறகு கண்ணைத் தொட்டு ஒரு சொல் சொல்லித்தந்தார். ஙான். அரிச்சுவடியில் ங எழுத்தை எழுதிப் பழகியிருக்கிறேன். அதில் தொடங்கும் ஒரு சொல்லை நான் வாயால் சொன்னது அங்கேதான்.

அந்த நாட்களில் லாம் தாதியிடம் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார். "சிக் யோக்... ஙான்..." என்று மாத்திரைக் கிண்ணத்தையும் கண்ணையும் காட்டுவார். தாதிக்குச் சிக் என்பது சுகமில்லை என்ற ஆங்கிலச் சொல்லாகக் கேட்டது. வயிற்றைப் பிரட்டுகிறதாக்கும் என்று, வாந்தி எடுக்க ஒரு பாத்திரம் கொண்டுவந்து வைத்தார். காய்ச்சல் பார்த்தார். கண்ணைக் காட்டியதைக் கண்டு, கண்ணீரின் நிறம் மாறுவது வழமை, பயமில்லை என்று கையால் தட்டி ஆறுதல் சொன்னார். நல்ல பெண் அவர். லாம் தலையை ஆட்டினார். ஆம் என்றா இல்லை என்றா, யாருக்கும் தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டோடு ஜெலி வரும். ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்குப் பச்சை. லாமுக்குச் சிவப்புத்தான் பிடிக்கும். எனக்குச் சிவப்பு வந்தால் எழும்பிவந்து, சிரித்தபடி மாற்றிக்கொண்டு போவார். ஒருநாள் அவருடைய தட்டில் சிவப்பு வந்தது. அதை எடுத்துவந்து என்னிடம் வைத்து, என்னுடைய பச்சையைக் கொண்டுபோனார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் கிண்ணத்தை முகத்துக்கு அருகே பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, நெடுநேரம் பார்த்தார். பிறகு சாப்பிடாமல் கீழே வைத்தார்.

"ஹுங்?" என்று என்னைக் கேட்டார். சிவப்பா என்று கேட்கிறார். ஒருமுறை என் நெற்றிப் பொட்டைக் காட்டி அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

நான் அந்த வாட்டில் யாருடைய கண்ணிலும் படாமல் இருக்கவே விரும்பினேன். கேட்டதற்கு ஓம் என்று மட்டும் சொல்வேன். நான் வாயைத் திறந்தால் அது எங்கேயோ பதிவாகி, குடிவரவு அலுவலகம்வரை போய்விடும் என்று ஒரு பயம். ஆனால் அன்று பின்னேரம் மருத்துவர் வந்தபோது கட்டிலை விட்டு இறங்கினேன்.

சிக் என்றால் நோய் வருத்தம் இல்லை, சாப்பிடுவது என்றேன். யோக் என்றால் மருந்து, ஙான் என்றால் கண் என்றேன். இந்த மருந்தைச் சாப்பிட்ட பிறகு கண் சரியில்லை என்று அவ சொல்லுறா என்றேன். ஜெலிக் கதையையும் சொன்னேன். என் ஆங்கிலம் உடைந்து, குரல் தேவைக்கு மேல் உரத்து வந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கிவிட்டேன். நான் போட்டிருந்த ஆஸ்பத்திரி வெள்ளைச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்தேன். கையில் செம்மஞ்சள் கறை. மருத்துவர் அதைப் பார்த்தார் என்று தெரிந்ததும் கையைப் பின்னால் மறைத்தேன்.

அவர் கறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எப்போதிருந்து?" என்று மட்டும் கேட்டார். பல வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படங்களைக் கொண்டுவரச் செய்தார். எனக்குத் தெரிந்த எண்கள் லாமுக்குத் தெரியவில்லை. எதம்பியூட்டோல் (காசநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று, சிலருக்கு, அதிலும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, கண் நரம்பைப் பாதிக்கும், சிவப்பும் பச்சையும் முதலில் குழம்பும்) அன்றோடு நிறுத்தப்பட்டது. நீங்கள் இந்த மருந்து எடுப்பவராக இருந்தால், நிறம் மங்குவதை அன்றைக்கே சொல்லுங்கள்.

மறுநாள் கன்டோனீஸ் தெரிந்த ஒரு பெண்ணை மொழிபெயர்க்க அழைத்துவந்தார்கள். லாம் பேசினார், பேசினார். இடையில் எங்கள் எல்லோருக்குமாக அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னார். கண் மங்குவதை வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

லாமின் கணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று மருத்துவர் கேட்டார். லாம் போர்வையைப் பார்த்தபடி பதில் சொன்னார். சுகமில்லாத அக்காவைப் பார்க்க ஹொங்கொங் போயிருக்கிறா என்று கணவர் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். மருந்து மாறினால் இங்கே இன்னும் பல மாதம் இருக்கவேண்டிவரும். அவர் எவ்வளவு காலத்துக்கு அக்காவைச் சாகவிடாமல் வைத்திருப்பார்?

மொழிபெயர்த்த பெண் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் முகம் எரிந்தது.

அடுத்த ஞாயிறு என் கணவர் உட்காராமல் நின்றார்.

"பிள்ளையின்ர கையில ஊசி போட்டுப் பாத்தவை. வீங்கியிட்டுது," என்றார். "நோய் இல்லையாம். கிருமி மட்டும் உள்ளுக்குப் போயிருக்காம். அவளுக்கும் மருந்து குடுக்கோணுமாம்."

"கார்டெரிக்குத் தெரியுமோ?" என்றேன். பிள்ளையை விடும் பராமரிப்பு நிலையம் அது. அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்டேன்.

"சொல்லத்தானே வேணும்," என்றார். "மற்றப் பிள்ளையளையும் பாக்கவேணுமாம்."

அன்றைக்கு எனக்கு நேர்ந்ததைத் துக்கம் என்று சொல்லமாட்டேன். துக்கத்தில் நிமிர்ந்து அழலாம். நான் போர்வையை வாய்வரை இழுத்து மூடிக்கொண்டேன், என் மூச்சே ஒரு குற்றம் என்பதுபோல. கார்டெரியில் வேறு எந்தப் பிள்ளைக்கும் தொற்றவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்குள் போன நாட்கள் போனவைதான்.

சளியில் கிருமி இல்லை என்று வந்ததும் என்னை வீட்டுக்கு விட்டார்கள். மருந்தை மட்டும் மாதக்கணக்கில் தொடரவேண்டும். லாம் அங்கேயே இருந்தார். அவருடைய பார்வை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் புறப்படும்போது என் சிவப்புச் சால்வையைத் தொட்டு, "ஹுங்," என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

மேல்மாடியில் இருந்த சரசக்கா அன்றைக்கே இறங்கிவந்தார்.

"ரொறொன்ரோ எப்பிடி? நல்லா மெலிஞ்சு போனாய்."

"குழந்தைப்பிள்ளையோட நித்திரை இல்லை அக்கா."

"அங்க குளிர் கூடவோ?"

"ஓம், இஞ்சத்தையைப் போலத்தான்," என்றேன். நான் அதுவரை ரொறொன்ரோவைக் கண்டதில்லை.

பக்கத்தில் மகள் நின்றாள். அடுத்தநாள் காலையில் அவளுடைய மாத்திரையைத் தூளாக்கி ஜாமில் குழைத்துக் கொடுத்தேன். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நானும் ரொறொன்ரோவுக்குப் போகோணுமோ?"

அவளைத் தூக்க நினைத்தேன். தூக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனாலும் முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் தூக்கினேன்.

"இல்லை," என்றேன். "அது ரொறொன்ரோ இல்லை. அம்மாவுக்கு வருத்தம் வந்தது. ஆசுப்பத்திரியில இருந்தனான்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. என் கணவர் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து முடிச்சைப் போட்டார். மற்றவர்களுக்கு ரொறொன்ரோதான், அவளுக்கு மட்டும் ஆஸ்பத்திரி என்று அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கதைகள் இருந்தன. இன்றுவரை சரசக்காவுக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை.

மருந்து முடிந்து பல வருடங்களாகிவிட்டன. குணமானால் பழைய உடம்பு திரும்பும் என்று நினைத்திருந்தேன். அது திரும்பவில்லை. வலது பக்கத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் அது எனக்கு முன்னால் போய் நிற்கிறது. மெற்றோ நிலையத்தின் படிகளில் பாதியில் மூச்சு வாங்கும். முன்பெல்லாம் சுவரில் உள்ள விளம்பரத்தைப் பார்ப்பதுபோல நின்று, மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஏறுவேன். இப்போது கைபிடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். பின்னால் வருபவர்கள் விலகிப் போகிறார்கள். ஒரு ரயில் போனால் அடுத்தது வரும். தெரிந்த தமிழ் முகம் வந்தால் மட்டும், இன்றைக்கும் என் கண் விளம்பரத்துக்குப் போய்விடுகிறது.