தகர டப்பாவில் இருந்த ராணி

என் அம்மாவின் சித்தப்பா ஒரு காலத்தில் ராணியாக இருந்தவர். ஊமைப் படங்களில் நடிக்கப் பெண்கள் வராத நாளில், பதினைந்து வயதில், மூன்று படங்களில் புடவை கட்டி நடித்தாராம். மீசை முளைத்ததும் ராஜ்யம் போய்விட்டது. மைசூருக்குத் திரும்பி, குமாஸ்தாவாகி, ஓய்வும் பெற்று, தேவராஜ மொஹல்லாவில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தார். எனக்கு அவர் சின்னத் தாத்தா.

ராணி கதையை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. போட்டோ, நோட்டீஸ் எதுவும் கிடையாது. கட்டிலுக்கடியில் ஒரு தகர டப்பா மட்டும் இருந்தது. அதில் தன் படத்தின் ஒரு சுருள் இருப்பதாகச் சொல்வார். திறந்தால் தீப்பற்றிக்கொள்ளும் என்று படக் கம்பெனி முதலாளி எச்சரித்தாராம். ஐம்பது வருஷத்துக்கு மேல் அவர் திறக்கவே இல்லை. "சித்தப்பா ராணின்னா நான் மஹாராஜா" என்பார் மாமா. சின்னத் தாத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார்.

நான் திறந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு பிலிம் பைத்தியம். பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, துண்டு பிலிமைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டுவோம். சுருள் உள்ளே பழுப்பேறி, பிசுபிசுவென்று இறுகி ஒட்டிக்கிடந்தது. வெளிச்சுற்று மட்டும் கழன்று வந்தது. அதில் பதினொரு துண்டு வெட்டிக்கொண்டேன். கொல்லைச் சுவரில் ஒரு ராணி வந்து நின்றாள். மூக்குத்தி, நெற்றிச்சுட்டி, அழப்போகிற கண்கள், மோவாயில் சின்னத் தாத்தாவின் மச்சம். டப்பாவை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். துண்டுகளை யாருக்கும் காட்டாமல் பென்சில் பெட்டியில் மறைத்து வைத்தேன்.

பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து, ஊமைப் படங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிற ஒருவர் பெங்களூரிலிருந்து வந்தார். சின்னத் தாத்தா விடியற்காலையிலேயே சவரம் செய்துகொண்டு, ஜரிகை வேட்டி கட்டிக் காத்திருந்தார். டப்பா நடுக்கூடத்துக்கு வந்தது. வெட்டியது தெரிந்துவிடும், தோலை உரித்துவிடுவார்கள் என்று நான் கதவுக்குப் பின்னால் பென்சில் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

மூடி திறந்ததும் குப்பென்று ஒரு நெடி வந்தது. உள்ளே பிலிம் இல்லை; நான் விட்டுவைத்ததும் அந்தக் கோடையில் மக்கிப்போயிருந்தது. பழுப்புப் பொடியும், பிசின் போன்ற ஒரு கட்டியும்தான் இருந்தன. வந்தவர் விரலால் தொட்டார்; உதிர்ந்தது.

"சிக்க துண்டாதரூ சாகு, சார்" என்றார் அவர். சின்னத் துண்டு இருந்தால்கூடப் போதும், முகம் தெரிந்தால் புத்தகத்தில் போட்டுவிடலாம் என்று கன்னடத்தில் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். சின்னத் தாத்தா பொடியைக் கிளறிக்கொண்டே இருந்தார். என் பெட்டிக்குள் பதினொரு முகம் இருந்தது. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வேன் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பெங்களூர்க்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு மாமாகூடக் கேலி செய்யவில்லை. அதைத்தான் சின்னத் தாத்தாவால் தாங்க முடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் காலை குளிக்கப் போனபோது, வெந்நீர் காயும் ஹண்டே அண்டாவின் அடுப்பில் பிலிம் துண்டுகளைப் போட்டேன். புஸ்ஸென்று ஒரே மூச்சில் எரிந்தன. அப்பாடா என்றிருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தேன். முன்னறையிலிருந்து சின்னத் தாத்தா கூப்பிட்டார்.

"நீயாவது நம்பறயாடி?"

"நீங்கதான் ராணி. நேக்கு நன்னாத் தெரியும்" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். குழந்தை ஆறுதல் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் என் ஈரத்தலையைத் தடவிக் கொடுத்தார். தப்பித்த சந்தோஷத்தில் நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். இந்த உலகத்தில் அவரை ராணியாகப் பார்த்த கடைசி ஆள் நான்தான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.